கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமி

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு தை மாத முகூர்த்த நாளில். இடம், மும்பை மாட்டுங்காவில் இருக்கும் ஒரு பழைய கல்யாண மண்டபம். பெயர் சொல்லவில்லை, அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும். நான் கல்யாணப் போட்டோகிராபர். பிறந்து வளர்ந்தது தாராவி, இப்போது குடியிருப்பது ஆண்டாப் ஹில். எனக்குத் தமிழ் வாய் கிழியப் பேச வரும், எழுத வராது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் வீட்டுக்காரர். தப்பு இருந்தால் அவரைத் திட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தால் எனக்கு ஆட்கள் கண்ணில் படமாட்டார்கள். ஜன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கே விழுகிறது, தூணின் நிழல் மணவறை வரைக்கும் வருமா, இதுதான் முதலில் தெரியும். செம்பூர் பக்கம் புதிதாகக் கட்டுகிற ஏ.சி. ஹால்களில் ஜன்னலே கிடையாது. நாலு பக்கமும் வெள்ளைச் சுவர், மேலே பளீரென்று லைட். யார் கல்யாணத்தை எடுத்தாலும் ஒரே ஆல்பம் மாதிரிதான் இருக்கும். அதனால் இந்தப் பழைய மண்டபத்தில் ஒரு கல்யாணம் எடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதன் மாடி ஜன்னல்களை எட்டிப் பார்த்துக்கொண்டே போவேன்.

ஆசைப்பட்ட மாதிரியே ஒரு கல்யாணம் வந்தது. பெண் வீட்டுக்காரர்கள் திலக் நகர், பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். என்னிடம் எல்லாம் பேசி முடிவு செய்தது ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர். "எங்காத்துக் கல்யாணம், நன்னா வரணும்" என்று போனில் சொன்னார். பெண்ணின் அப்பா என்று நானே நினைத்துக்கொண்டேன். அவரும் இல்லை என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெண்ணே போன் செய்தாள்.

"அக்கா, நீங்க எவ்வளவு வேணா எடுங்க, எனக்கு ஒரே ஒரு போட்டோ மட்டும் பக்கா வேணும். தாலி கட்டற நேரத்துல எங்க அம்மா முகம். அந்த நேரத்துல என்னை எடுக்கலைன்னாக்கூடப் பரவால்ல."

"அது இல்லாம எந்த ஆல்பம்மா இருக்கு? கண்டிப்பா எடுத்துடலாம்" என்றேன். எல்லாப் பெண்களும் கேட்பதுதான். தாலி ஏறும்போது அம்மா அழுவார், நான் எடுப்பேன், ஆல்பத்தில் முழுப்பக்கம் போடுவார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.

கல்யாணத்தன்று விடிந்ததுமே போய்விட்டேன். வாசலில் இருந்த மேனேஜர் என்னைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, டேப் ஒட்டக் கூடாது, தூண்ல சாயக் கூடாது, ட்ரோன் விடக் கூடாது" என்று ஒப்பித்தார். மூச்சு விடலாமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

உள்ளே போனதும் கோபமெல்லாம் போய்விட்டது. முதல் மாடியில் பெரிய ஹால். கருத்துப் பளபளக்கிற தேக்குத் தூண்கள். தரையில் பூப்போட்ட பழைய ஓடு. ஜன்னல்களுக்கு மேலே அரைவட்டத்தில் கலர் கண்ணாடி, அதன் வழியாகக் காலை வெயில் வந்து தரையில் சிவப்பும் பச்சையுமாகக் கிடந்தது. ஹாலின் மூன்று பக்கமும், தலைக்கு மேலே, மரக்கைப்பிடி வைத்த பால்கனி ஓடியது. அந்தக் காலத்தில் பெண்கள் உட்கார்ந்து கல்யாணம் பார்க்கக் கட்டியதாம். எனக்கு அங்கே போய் மேலேயிருந்து காலி ஹாலை ஒரு படம் எடுத்தே ஆகவேண்டும்.

போகத்தான் வழி தெரியவில்லை. அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் யாரோ, அவருக்கு நேராகப் போவது பிடிக்காது போலிருக்கிறது. முன்பக்கம் ஒரு படிக்கட்டு, பின்பக்கம் ஒரு படிக்கட்டு, நடுவில் பாதி மாடியில் அறைகள். ஏறினால் இறங்கும் இடம் வருகிறது, இறங்கினால் திரும்ப ஏறச் சொல்கிறது. ஒரு கதவைத் திறந்தேன், பாத்ரூம். இன்னொரு கதவைத் திறந்தேன், உள்ளே ஒரு சாஸ்திரிகள் வேட்டி மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பேருமே அலறிவிட்டோம்.

அப்போதுதான் அந்த மாமி வந்தார்.

"பால்கனிக்கா போணும்? முன்படில போனா மேல கதவு பூட்டியிருக்கும், டெகரேஷன்காரா சாமானை அடைச்சு வச்சிருக்கா. நீ இப்படி வா கொழந்தே" என்று என் ட்ரைபாட் பையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஹாலுக்குப் பின்னால் ஒரு ஸ்டோர் ரூம். முறுக்கும் லட்டும் அடுக்கிய கூடைகள், தேங்காய் மூட்டை, வாழை இலைக் கட்டு. அதற்குள் நுழைந்து, கூடைகளைத் தாண்டினால், சுவரோடு ஒட்டி ஒரு ஒடுங்கிய மரப்படி. ஏறினால் பால்கனியின் மூலை.

ஸ்டோர் ரூமில் எனக்கு ஒரு டம்ளர் காபியும் கொடுத்தார். சாம்பல் நிறத்தில் மெல்லிய கரை வைத்த புடவை. நெற்றியில் சின்னதாக விபூதி. தலையில் பூ இல்லை. இதெல்லாம் என் கண்ணில் பட்டது, பட்டதோடு சரி. சமையல் காண்ட்ராக்டரோடு பட்சணம் செய்ய வந்த மாமி என்று முடிவு கட்டிவிட்டேன்.

"மாமிக்கு இந்த இடம் அத்துப்படி போல" என்றேன்.

"ரெண்டு நாளா இந்தப் பின்வழியாத்தான் போயிண்டு வந்துண்டிருக்கேன். முன்படில மாப்பிள்ளையாத்துக்காரா ஏறி இறங்கறா பாரு. எதிர்ல போய் நின்னுடப்படாது, கேட்டியா."

சமையல் ஆட்கள் விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாது என்று காண்ட்ராக்டர் சொல்லியிருப்பார், என்ன திமிர் பிடித்த காண்ட்ராக்டர் என்று மனசுக்குள் அவரைத் திட்டினேன். மாமி சொன்னது வேறு ஏதோ என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் பேனாவை வைத்துவிட்டு, "ஏட்டி, ஒனக்கு அப்பமும் வெளங்கலையா?" என்கிறார். விளங்கவில்லை. வெளிச்சம் போய்விடுமே என்ற பதற்றத்தில் இருப்பவளுக்கு என்ன விளங்கும்?

பால்கனியில் கேமராவை வைத்தேன். கீழே காலி ஹால், கலர் வெயில், நடுவில் பூவால் கூரை போட்ட மணவறை. அப்படியே கோவில் மாதிரி இருந்தது. பட்டனை அழுத்தப் போகும்போது ஃபிரேமின் ஓரத்தில் ஒரு முழங்கை. மாமி கைப்பிடியில் சாய்ந்து கீழே மணவறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமி, ஃபிரேம்ல வர்றீங்க."

"அச்சச்சோ" என்று பதறி விலகினார். அவர் விலகிய வேகத்தைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் படம் பிரமாதமாக வந்தது.

அடுத்தது காசி யாத்திரை. மாப்பிள்ளை குடை, விசிறி, கைத்தடியோடு காசிக்குப் போகிறேன் என்று வாசலுக்குக் கிளம்புவார், பெண் வீட்டார் போய் எங்கள் பெண்ணைத் தருகிறோம் என்று சொல்லித் திருப்பி அழைத்து வருவார்கள். அதைக் கீழே காம்பவுண்டில் எடுத்தால் ஆயிரம் பேர் நடுவில் நசுங்க வேண்டும். பாதி மாடி ஜன்னலிலிருந்து எடுத்தால் ஜன்னல் சட்டத்துக்குள் குடை மட்டும் அழகாக வரும். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் அந்த ஜன்னலில் மாமி. கம்பியைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாமி, ஒரே நிமிஷம், தள்ளிக்குங்க" என்றேன். தள்ளிக்கொண்டார். இந்த மாமி என்ன, நான் போகிற இடத்துக்கெல்லாம் எனக்கு முன்னால் வந்து நிற்கிறாரே, அடுப்பில் வேலை இல்லையா என்று எரிச்சல்கூட வந்தது.

பிறகு மாலை மாற்றல், ஊஞ்சல். பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஊஞ்சலில் உட்கார வைத்து, சுமங்கலிகள் சுற்றிவந்து பாலும் பழமும் கொடுத்து, கலர் கலராகச் சோற்று உருண்டைகளைச் சுற்றிப் போட்டார்கள். என்னிடம் போனில் பேசியவரின் மனைவி, மடிசாரில், எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். ஆகா, அம்மா இப்போதே இப்படி அழுகிறாரே, தாலி கட்டும்போது எனக்குக் கவலையே இல்லை என்று க்ளோஸப்பில் எடுத்துத் தள்ளினேன்.

ஊஞ்சல் முடிந்து, கூறைப்புடவை மாற்றப் பெண்ணை அழைத்துப் போகும்போது, நான் குறுக்கே புகுந்து கேமரா ஸ்க்ரீனை அவளிடம் காட்டினேன். "பாரு, அம்மா எவ்வளவு அழகா வந்திருக்காங்க!"

அவள் ஸ்க்ரீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அக்கா, இது சித்தி" என்றாள். அதற்குள் நாலு பேர் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இவர் சித்தி என்றால், எனக்குப் போன் செய்தவர் சித்தப்பா. அப்படியானால் அப்பா யார்? அம்மா எங்கே? காலையிலிருந்து இருநூறு முகம் எடுத்திருப்பேன், அதில் அம்மா எது? சித்தப்பாவைப் பிடித்து, "சார், பொண்ணோட அம்மாவைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன்.

"அவா இங்கதான் எங்கயாவது இருப்பா. முகூர்த்தத்துக்கு நேரமாறது, நீ மேடையைப் பாரும்மா" என்று போய்விட்டார்.

பூத்தட்டு வைத்திருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன். "அவ வரமாட்டா" என்றார், ஒற்றை வரியில். ஏன் என்று கேட்பதற்குள் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது.

வரமாட்டாரா? பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்கு வராத அம்மாவா? என் புத்தி எங்கே போயிற்று பாருங்கள். இது காதல் கல்யாணம், அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, கோபத்தில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு முழு சீரியலே மனசுக்குள் ஓட்டிவிட்டேன். அப்படியானால் பெண் ஏன் தாலி கட்டும் நேரத்து முகம் வேண்டும் என்கிறாள்? ஒன்றும் பொருந்தவில்லை. லென்ஸ் எடுக்க ஸ்டோர் ரூம் பக்கம் போனவள், அங்கே தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்த மாமியிடமே கேட்டேன்.

"மாமி, பொண்ணோட அம்மா எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கை நின்றது. "எதுக்கு?"

"தாலி கட்டும்போது அம்மா முகத்தை எடுக்கணும்னு பொண்ணு என்கிட்ட கேட்டிருக்கா. ஒரே ஒரு போட்டோ கேட்டா, அதையும் எடுக்க முடியலைன்னா நான் எப்படி அவ மூஞ்சில முழிக்கிறது?"

மாமி ஒரு தேங்காயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையில் போட்டார். "அவ எப்பவுமே அப்படித்தான். அசடு" என்றார். "நீ போ, நேரமாச்சு. மேடையில ஒரு குறையும் வரப்படாது."

யாரை அசடு என்றார் என்று யோசித்துக்கொண்டே மேடைக்கு ஓடினேன்.

மேடையில் சித்தப்பா பாயில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் கூறைப்புடவையோடு பெண். எதிரே மாப்பிள்ளை. தாலி, தட்டில் எல்லோரிடமும் ஆசி வாங்கச் சுற்றிவந்துகொண்டிருந்தது. அட்சதை எல்லோர் கையிலும் ஏறிவிட்டது. வீடியோ எடுக்கும் மராத்திக்காரர், நாங்கள் தாதா என்று கூப்பிடுவோம், நடு இடத்தைப் பிடித்துவிட்டார். நான் பக்கவாட்டில், மணவறைக்கு வெளியே நின்று குறி பார்த்தேன்.

பெண் கேமராவைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி மேலேயே பார்த்தாள். "இங்க பாரும்மா" என்றேன். ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் மேலே. சாஸ்திரிகள்கூட "குனிஞ்சுக்கோம்மா" என்றார். குனிந்தாள், உடனே நிமிர்ந்தாள்.

எதைத்தான் பார்க்கிறாள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பால்கனியின் மூலை. தேக்குத் தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து, சாம்பல் நிறப் புடவை. கரை மட்டும் கண்ணாடி வெளிச்சத்தில் பச்சையாகத் தெரிந்தது.

அந்த நிமிடம் எனக்குள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. பூ இல்லாத தலை. பின்வழி. எதிரில் போய் நின்றுவிடக் கூடாது என்று அவர் சொன்னது. அப்பா ஏன் இல்லை, சித்தப்பா மடியில் பெண் ஏன், எல்லாம். பட்சண மாமி இல்லை. அவர்தான் அம்மா. புருஷன் இல்லாதவர் என்பதால் பெற்ற பெண்ணின் கல்யாணத்தில் ஸ்டோர் ரூமில் நின்றுகொண்டிருக்கிற அம்மா. எங்கள் சொந்த ஊர்ப் பக்கத்திலும் இது உண்டு, எனக்குத் தெரியாததில்லை. ஆனால் ஆங்கிலத்தில் பத்திரிகை அடித்து, மெஹந்தியும் சங்கீத்தும் வைத்த கல்யாணத்தில் அது இருக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. அவரைத்தான் நான் காலையிலிருந்து தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க என்று விரட்டிக்கொண்டிருந்தேன்.

கீழேயிருந்து எடுக்க முடியாது. அவ்வளவு இருட்டு, தூண் வேறு முகத்தை மறைத்தது. மேலே போக வேண்டும். போனால் மேடையில் தாலி கட்டும் படம் போச்சு. ஒரு கல்யாணப் போட்டோகிராபர் செய்யவே கூடாத காரியம் அது. நான் நினைத்துப் பார்த்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். தாதாவின் தோளைத் தட்டி, "தாதா, சம்பால் லோ", நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் "ஏய், கிதர்? முஹூர்த் ஆலா!", எங்கே ஓடுகிறாய், முகூர்த்தம் வந்துவிட்டது என்று கத்தக் கத்த, கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன்.

பதற்றத்தில் முன்படியில் ஏறினேன். மேலே போனால் கதவு பூட்டிக் கிடந்தது. காலையில் அவரே சொன்னதுதான். திரும்ப இறங்கி, கூட்டத்தை இடித்து, யாரோ ஒருவர் காலை மிதித்துத் திட்டு வாங்கி, ஸ்டோர் ரூமில் நுழைந்து, லட்டுக் கூடையில் முட்டி, அந்த ஒடுங்கிய படியில் ஏறினேன். மூச்சு வாங்கியது.

மாமி என்னைப் பார்த்ததும் பயந்துபோனார். "நீ என்னத்துக்கு இங்க வந்தே? கீழ போ, கீழ போ, கட்டப்போறா!"

"நீங்கதான் அம்மான்னு ஏன் என்கிட்ட சொல்லலை மாமி?"

"சொன்னா நீ கீழ வரச் சொல்லுவே. யாரும் வேண்டாம்னு சொல்லலைடி. எல்லாரும் கூப்பிட்டா. மாப்பிள்ளையே வந்து கூப்பிட்டார். நானாத்தான் மாட்டேன்னேன். நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட, நான் வந்து நின்னதாலதானோன்னு எனக்கே தோணும்." பிறகு, என்னைச் சமாதானம் செய்வதுபோல, "இங்கேருந்து நன்னாத் தெரியறதாக்கும்" என்றார்.

அவர் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. காலையில் நான் ரசித்து எடுத்த அதே பூக்கூரைதான் தெரிந்தது. அதற்கு அடியில் பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. அவள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்ததும் இந்தப் பூக்கூரையின் அடிப்பக்கத்தைத்தான். சாமந்திச் சரங்களுக்கு நடுவே சித்தப்பாவின் முழங்கால் கொஞ்சம், ஹோமப் புகை கொஞ்சம். அதைத்தான் அவர் நன்றாகத் தெரிகிறது என்றார்.

கையில் ஒரே கேமரா. அவர் முகத்துக்கு நேரே தூக்கினால் போதும், பெண் கேட்ட படம் கிடைத்துவிடும். தூக்கவும் செய்தேன். ஃபிரேமில் அந்த முகம் வந்தது. எட்டி எட்டிப் பூக்கூரையைப் பார்க்கிற முகம். எதுவும் தெரியாத இடத்தைப் பார்த்துக்கொண்டு, தெரிவதுபோல நிற்கிற முகம். இதை எடுத்துக் கொடுத்து அந்தப் பெண் என்ன செய்வாள்?

கேமராவின் ஸ்க்ரீனை மேலே பார்க்கும்படி மடக்கினேன். கைப்பிடிக்கு வெளியே பாதி உடம்பு தொங்க, இரண்டு கையையும் நீட்டி, கேமராவைக் கீழே இறக்கினேன். பழைய மரம் முனகியது. தூணில் சாயக்கூடாது என்ற மேனேஜர் இதைப் பார்த்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார்.

"விழுந்து தொலைக்காதேடி!" என்று மாமி என் குர்தாவை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்க்ரீனைப் பாருங்க மாமி, ஸ்க்ரீனை!"

இன்னும் கொஞ்சம் இறக்கினேன். சாமந்திச் சரம் ஸ்க்ரீனிலிருந்து மேலே நழுவியது. அடியில் பெண் வந்துவிட்டாள். சித்தப்பா மடியில், கூறைப்புடவையில், கேமராவையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டு.

மாமியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா, பெயரைக் கூப்பிட்டாரா, எனக்குத் தெரியவில்லை. என் முதுகில் அவர் பிடி இறுகியது மட்டும் தெரிந்தது. கீழே "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் எழுந்தது. நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து அந்தக் கட்டடமே அதிர்ந்தது. ஸ்க்ரீனில் மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் போனது. நான் விரலை எடுக்காமல் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். மாமியின் இன்னொரு கையிலிருந்து ஒரு பிடி அட்சதை பறந்தது. பாதி என் தலையில் விழுந்தது, மீதி பூக்கூரை மேல் விழுந்தது. ஒரு மணியாவது பெண் மேல் விழுந்திருக்குமா, சந்தேகம்தான்.

மேளம் அடங்கியதும் என்னை உள்ளே இழுத்துவிட்டார். நான் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். அவர் தூணில் கை வைத்து நின்றார். கலர் கண்ணாடி வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்திருந்தது. முகம் முழுக்கத் தண்ணீர், ஆனால் அப்படி ஒரு சந்தோஷம். இதுதான் பெண் கேட்ட முகம். நேரம் தப்பிவிட்டாலும் முகம் இதுதான். மெதுவாகக் கேமராவை அவர் பக்கம் உயர்த்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். பின்னால் திரும்பிக் கலர் ஜன்னலைப் பார்த்தார். "நான் தள்ளிக்கட்டுமா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விலகியும்விட்டார். என் விரல் தன்பாட்டுக்கு அழுத்திவிட்டது. கிடைத்தது வெறும் தூணும் வெளிச்சமும், ஓரத்தில் போய்க்கொண்டிருக்கிற புடவைக் கரையும்.

கீழே வந்ததும் சித்தப்பா என்னைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார். "தாலி கட்டறச்சே மேடையில போட்டோகிராபர் இல்லாத கல்யாணத்தை நான் எங்கயுமே பார்த்ததில்லை" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. முன்னாலிருந்து எடுத்த படம் என்று தாதாவின் வீடியோவிலிருந்து பிரித்ததுதான் ஆல்பத்தில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பப் படத்தில் மாமி ஓரத்தில் வந்து நின்றார். சிரித்தார். நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் பெண் கேட்டது அது இல்லையே.

ஆல்பம் கொடுக்கப் போன அன்று அவளை அதைத் திறக்கக்கூட விடவில்லை. நானே முதலில் சொல்லிவிட்டேன், நீ கேட்டதை என்னால் எடுக்க முடியவில்லை என்று. பால்கனியிலிருந்து எடுத்த படத்தை நீட்டினேன். அதில் அவள் மேலே பார்க்கிறாள், வாய் லேசாகத் திறந்திருக்கிறது, பாதி பயம், பாதி சிரிப்பு. கழுத்தில் தாலி ஏறிக்கொண்டிருக்கிறது. முகத்துக்குக் குறுக்கே மஞ்சளாக நாலைந்து கோடுகள், கலங்கலாக.

"நீங்க அங்கேருந்து தொங்கறதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துடுத்து" என்றாள். பிறகு, "அம்மா எங்க?" என்றாள்.

அந்த மஞ்சள் கோடுகளைக் காட்டினேன். "இது அம்மா போட்ட அட்சதை. இது அம்மா பார்த்தது."

ரொம்ப நேரம் அந்தக் கோடுகளின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. நல்லாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை. படத்தைப் பையில் வைத்துக்கொண்டு, "அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். அது இப்போது திலக் நகர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பதாக, வீடியோ கொடுக்கப் போன தாதா சொன்னார்.

ஆனாலும் எனக்கு இன்றைக்கு வரை குழப்பம் தீரவில்லை. அவர் முகத்தை ஃபிரேமில் வைத்திருந்தபோதே பட்டனை அழுத்தியிருக்க வேண்டுமா? பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு பெரிதா, அம்மா ஒரு நிமிடம் பெண்ணைப் பார்த்தது பெரிதா? என் வீட்டுக்காரரிடம் கேட்டால், "நீ செஞ்சதுதான் சரி, கெடந்து மறுகாத" என்கிறார். அவர் நான் சமைப்பதையும் நன்றாயிருக்கிறது என்பவர், அவர் சொல்வதை எப்படி நம்புவது? அந்த வெறும் தூணின் படத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காமல், அழிக்கவும் மனசு வராமல் வைத்திருக்கிறேன். இப்போதும் என் ஃபிரேமுக்குள் யாராவது வந்து நின்றால் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று நாக்கு நுனி வரைக்கும் வருகிறது. ஆனால் முதலில் கேமராவை இறக்கி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, பெரும்பாலும் அவரையும் சேர்த்தே எடுத்துவிடுகிறேன்.